ஐ3-7100, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க்: ஆன் செய்து ஆறு நிமிடம் ஆகிறது. முதலில் எதை மாற்றுவது?

மல்லிகைப்பந்தல்

வணக்கம். வீட்டில் இருப்பது 2017-இல் வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் ஐ3-7100, எச்110 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக், 7200 ஆர்பிஎம் 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 ஹோம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை.

டேலி (கணக்கு மென்பொருள்), எக்செல், வேர்டில் தமிழ்க் கடிதங்கள், க்ரோமில் ஜிஎஸ்டி தளமும் வங்கித் தளமும். இவ்வளவுதான் வேலை. பட்டனை அழுத்தியதிலிருந்து க்ரோம் ஒழுங்காகத் திறக்க ஆறு நிமிடம். வேர்டு திறக்க முக்கால் நிமிடம். ஐந்தாறு டேப் போட்டுவிட்டு எக்செல்லுக்குத் தாவினால் திரை வெளுத்து "பதிலளிக்கவில்லை" என்று நிற்கிறது. பத்து விநாடி கழித்துத் தானாகவே சரியாகிறது.

டெம்ப் ஃபைல்களை அழித்துவிட்டேன், வைரஸ் ஸ்கேன் சுத்தம், டிஃப்ராக் ஒருமுறை ஓட்டினேன். வித்தியாசம் தெரியவில்லை. கடையில் கேட்டால் "பழசு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்கள். இந்த மாதம் ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும்: எஸ்எஸ்டியா (சுற்றும் தட்டு இல்லாத, சிப்பால் ஆன வட்டு), ரேமா? விண்டோஸை மறுபடி போட வேண்டுமா? டேலி கணக்குகள் என்ன ஆகும் என்பதுதான் பெரிய பயம்.

---

வட்டுப்பித்தன்

எதையும் வாங்குவதற்கு முன் பத்து நிமிடம் அளந்து பார்த்துவிடுங்கள். சந்தேகம் ஹார்டு டிஸ்க்கின் மேல்தான், ஆனாலும் எண்களைப் பார்க்காமல் சொல்லக்கூடாது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். "மோர் டீடெய்ல்ஸ்" கொடுத்து பெர்ஃபார்மன்ஸ் டேபுக்குப் போங்கள். வழக்கமாக எப்போது திணறுமோ அதே நிலைக்குக் கொண்டுவாருங்கள்: க்ரோம் ஐந்து டேப், டேலி, எக்செல். பிறகு இவற்றை எழுதி அனுப்புங்கள்.

டிஸ்க் பக்கத்தில் "ஆக்டிவ் டைம்" எத்தனை சதவீதம், அதே நேரத்தில் படிக்கும் வேகம் எவ்வளவு. மெமரி பக்கத்தில் "இன் யூஸ்" எவ்வளவு, "கமிட்டட்" என்ற இடத்தில் சாய்கோட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள், "ஸ்லாட்ஸ் யூஸ்டு" எத்தனை. சிபியு பக்கத்தில் சதவீதம், வேகம், "அப் டைம்".

அடுத்து க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பாருங்கள். அதில் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளின் கடைசிப் பத்தியில் உள்ள எண் வேண்டும். மேலே "குட்" என்று நீல நிறத்தில் காட்டினாலும் இந்த நான்கையும் பார்க்காமல் விடாதீர்கள்.

---

மல்லிகைப்பந்தல்

பார்த்துவிட்டேன்.

டிஸ்க் 100%, பெரும்பாலும் இறங்கவே இல்லை. ஆனால் படிக்கும் வேகம் 0.8-இலிருந்து 1.6 எம்பி வரைதான். மெமரி இன் யூஸ் 3.5 ஜிபி, கமிட்டட் 7.1/9.4, ஸ்லாட் 2-இல் 1. சிபியு 20–35%, 3.88 ஜிகாஹெர்ட்ஸ். அப் டைம் 19 நாள் என்று காட்டுகிறது, தினமும் இரவு ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுக்கிறேன், இது எப்படி என்று புரியவில்லை.

க்ரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மஞ்சள் நிறத்தில் "காஷன்" என்று வருகிறது. 05 வரியில் 0. சி5 வரியில் 8. சி6 வரியில் 0. சி7 வரியில் 29.

---

வட்டுப்பித்தன்

வேகப் பேச்சை ஒரு நாள் தள்ளி வையுங்கள். சி5-இல் 8 என்பது, படிக்க முடியாமல் டிஸ்க் "பிறகு பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்திருக்கும் 8 செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புத் துண்டுகள்). அவற்றில் உங்கள் டேலி கோப்பு இருக்கிறதா, ஒன்றுமில்லாத இடமா என்று வெளியிலிருந்து தெரியாது. எட்டு என்பது பயந்து ஓட வேண்டிய எண் இல்லை, ஆனால் டிஃப்ராக் ஓட்ட வேண்டிய டிஸ்க்கும் இல்லை இது. டிஃப்ராக் என்றால் ஒவ்வொரு கோப்பையும் தூக்கித் தூக்கி வேறிடத்தில் வைப்பது. நோயாளியைப் படியேறச் சொல்வது போல. இனி வேண்டாம், வாராந்திர அட்டவணையில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இன்றே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ 64 ஜிபி பென் டிரைவிலோ முக்கியமானவற்றை எடுத்துவிடுங்கள். வரிசை: டேலி டேட்டா ஃபோல்டர், டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், பிறகு படங்கள். டேலிக்கு அதன் உள்ளேயே இருக்கும் பேக்கப் கட்டளையை ஓட்டுங்கள், அதோடு டேட்டா ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுங்கள். இரண்டும் வேண்டும். நகல் எடுக்கும்போது ஏதாவது ஒரு கோப்பில் நின்றுவிட்டால் "ஸ்கிப்" கொடுத்துவிட்டு மேலே போங்கள், அதன் பெயரைக் குறித்து வையுங்கள்.

சி7-இல் உள்ள 29 பதினாறடி எண்முறையில் காட்டப்படுவது, நம் கணக்கில் 41. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தரவு கெட்டுப்போய் மறுபடி அனுப்பப்பட்ட தடவைகள் அது. பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கும். இந்த எண் ஒருபோதும் குறையாது, அதனால் 41 இருப்பது பிரச்சினை இல்லை, ஏறிக்கொண்டே போனால்தான் பிரச்சினை. கேபிளை மாற்றிவிட்டு ஒரு வாரம் கழித்து அதே 29-இல் நிற்கிறதா பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. 100% வேலை, ஆனால் 1 எம்பி வேகம். இந்த இரண்டு எண்ணும் சேர்ந்து வருவதுதான் விஷயம். 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2. தலை அந்தத் தடத்துக்கு நகர இன்னும் 8, 9. ஆக ஒரு சின்னத் துண்டை எடுக்க 13 மில்லிவிநாடி. விநாடிக்கு எழுபத்தைந்து துண்டுகள்தான். துண்டு 4 கேபி என்றால் விநாடிக்கு 300 கேபி! பெரிய வீடியோவை ஒரே இழுப்பாகப் படிக்கும்போது இதே டிஸ்க் 100 எம்பிக்கு மேல் தரும். விண்டோஸ் தொடங்குவதும் க்ரோம் திறப்பதும் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை, சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே விநாடிக்குப் பல ஆயிரம் துண்டுகள் தரும்.

ரேமும் இதற்குள் வருகிறது. கமிட்டட், அதாவது மென்பொருள்கள் கேட்டிருக்கும் மொத்த நினைவகம், 7.1, உங்களிடம் இருப்பது 4. மீதி பேஜ்ஃபைலாக (ரேமுக்குப் பதிலாக விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) அதே ஹார்டு டிஸ்க்கில் கிடக்கிறது. எக்செல்லுக்குத் தாவும்போது திரை வெளுப்பது அந்த நேரத்தில்தான்: எக்செல்லின் பக்கங்களை டிஸ்க்கிலிருந்து எழுபத்தைந்து எழுபத்தைந்தாக மேலே கொண்டுவருகிறது. சிபியு 35%-க்கு மேல் போகவே இல்லை, பாவம், அது காத்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் சொன்னதை ஏற்க வேண்டியதில்லை.

ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டி. டிஸ்க் நலம் கெட்டிருப்பதால் இதில் யோசிக்கவே இடமில்லை. ரேம் அடுத்த மாதம்.

அப் டைம் 19 நாள் காட்டுவதற்குக் காரணம் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்". ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது, மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. உண்மையான புதுத் தொடக்கம் "ரீஸ்டார்ட்" கொடுத்தால்தான். ஏதாவது டிரைவர் தகராறு செய்தால் ரீஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்வது இதனால்தான்.

---

நீலத்திரை

எஸ்எஸ்டி வரும் வரைக்கும் சிஸ்மெய்ன் சர்வீஸையும் விண்டோஸ் சர்ச்சையும் நிறுத்தி வைக்கலாமே? 4 ஜிபி, ஹார்டு டிஸ்க் என்றால் சிஸ்மெய்ன்தான் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். நிறுத்தினால் 100% இறங்கும். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) கிளீனர் ஒன்றும் ஓட்டலாம். பேஜ்ஃபைலையும் நிறுத்திவிட்டால் டிஸ்க்குக்கு வேலையே குறையும்.

---

வட்டுப்பித்தன்

சிஸ்மெய்ன் விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். பழைய பெயர் சூப்பர்ஃபெட்ச், நீங்கள் அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது. ரேமில் இடமே இல்லாத கணினியில் அந்த உதவி வீண்தான். சர்வீசஸ் பட்டியலில் "ஸ்டாப்" மட்டும் கொடுத்து ஒரு நாள் பார்க்கட்டும். இறங்கினால் அப்படியே, இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்தால் தானே திரும்பிவிடும். விண்டோஸ் சர்ச்சை நிறுத்தினால் கோப்பு தேடுவதும் ஸ்டார்ட் மெனுவில் தேடுவதும் நொண்டும், எனக்கு அது லாபமாகத் தெரியவில்லை.

பேஜ்ஃபைலை மட்டும் தொடவே கூடாது. கமிட்டட் 7.1 இருக்கும் கணினியில் வரம்பை 4-க்கு இறக்கினால் மெதுவாகாது, நேராக "மெமரி போதவில்லை" என்று டேலியோ க்ரோமோ மூடிக்கொள்ளும். சேமிக்காத பதிவு போய்விடும். "சிஸ்டம் மேனேஜ்டு" என்றே இருக்கட்டும், எஸ்எஸ்டிக்கு மாறின பிறகும்.

ரெஜிஸ்ட்ரியில் சில நூறு பழைய வரிகள் இருப்பதால் எந்தக் கணினியும் மெதுவாகாது. கிளீனர் தவறான ஒன்றை அழித்தால் பிரிண்டரோ டேலியோ நின்றுபோகும். ரேம் பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் வகையறாவும் அதேதான், கூடவே அவை ஸ்டார்ட்அப்பில் உட்கார்ந்துகொண்டு இருக்கிற ரேமையும் தின்னும்.

---

சாலிடர்

எஸ்எஸ்டி மாட்டுறதை நான் சொல்றேன்.

முதல்ல எது வாங்கணும்னு. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போதும். எச்110 போர்டுல நிறைய மாடல்ல எம்.2 ஸ்லாட்டே (போர்டுலயே நேரா சொருகுற இடம்) கிடையாது, இருந்தாலும் உங்க வேலைக்கு அதுல போடுற வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி தரும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 240 ஜிபி வாங்கினா விண்டோஸ்ல 223-னுதான் காட்டும், ஏமாத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க, கம்பெனிக்காரங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024-ஆ எண்ணுது. கையில காசு இருந்தா 480 இல்ல 500 எடுங்க. எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதுற வேகம் குறையும், 15 சதவீதம் எப்பவும் காலியா இருக்கணும். "எழுதினா தேஞ்சு போயிடும்"னு பயப்பட வேண்டாம். சாதாரண 240 ஜிபிக்கே 80 டிபிடபிள்யூ போட்டிருப்பாங்க, அதாவது 80 டெராபைட் எழுதலாம். தினம் 20 ஜிபி எழுதினாலும் 4000 நாள், பதினோரு வருஷம் ஆகும். உங்க வேலைக்கு தினம் 20 எழுதவே எழுதாது. பில், வாரண்டி கார்டோட வாங்குங்க. பேர் தெரியாத கம்பெனியோட 1 டிபி பாதி விலைக்குன்னு வந்தா தொடாதீங்க.

கூட வாங்க வேண்டியது: சாட்டா டேட்டா கேபிள் ரெண்டு (ஒண்ணு புதுசுக்கு, ஒண்ணு அந்த சி7 கோளாறு டிஸ்க்குக்கு), 2.5-லேர்ந்து 3.5 பிராக்கெட். பிராக்கெட் இல்லாட்டியும் ஒண்ணும் ஆகாது, எஸ்எஸ்டிக்குள்ள சுத்துற பாகம் இல்ல. கேஸ் உள்ளே டபுள் சைடு டேப்ல ஒட்டினாலும் ஓடும்.

எஸ்எம்பிஎஸ்லேர்ந்து (பவர் சப்ளை பெட்டி) வர்ற பவர் கேபிள்ல காலி சாட்டா பின் இருக்கான்னு பாருங்க. தட்டையா, எல் வடிவத்துல இருக்கும். ஒரே கேபிள்ல ரெண்டு மூணு இருக்கும். இல்லாம பழைய நாலு முள்ளு மோலெக்ஸ் மட்டும்தான் இருக்குன்னா மாத்துற அடாப்டர் வாங்கணும். அதுல பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்து மூடின மாதிரி இருக்கிறதை வாங்காதீங்க, உள்ளே கம்பி கம்பியோட ஒட்டி எரிஞ்சு போற வகை அதுதான். கம்பியை மேலேர்ந்து அழுத்தி, மூடி போட்டுப் பிரிக்கிற மாதிரி இருக்கிறதை எடுங்க.

பிளக்கைச் சுவரிலேர்ந்து உருவிட்டு, கேபினெட் பவர் பட்டனை அஞ்சு விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்ச சார்ஜ் போயிடும். கேபினெட்டோட பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒரு தடவை தொட்டுட்டுக் கையை உள்ளே விடுங்க. சாட்டா பின்னை நேரா அழுத்துங்க, மேலும் கீழும் ஆட்டாதீங்க. அந்த எல் வடிவ பிளாஸ்டிக் நாக்கு உடைஞ்சா எஸ்எஸ்டியே போச்சு.

உள்ளே திறந்தாச்சுன்னா தூசியும் பாத்துடுங்க. உங்களுக்கு 3.88-ல நிக்குது, சூட்டால வேகம் குறையுறதா தெரியல (ஐ3-7100-க்கு டர்போ கிடையாது, 3.9 தான் அதோட முழு வேகம்). ஆனாலும் பெயின்ட் பிரஷ்ஷால கூலர் இடுக்கைத் தட்டிட்டு ப்ளோயர் அடிங்க. அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கணும். காத்துல தாறுமாறா சுத்த விட்டா பேரிங் போகும். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது, பிளக்கை உருவினாலும் உள்ளே கெபாசிட்டர்ல ஆளை அடிக்கிற அளவுக்கு மின்சாரம் நிக்கும். வெளியிலேர்ந்து ஊதினா போதும்.

2017 போர்டுன்னா சிஆர்2032 பட்டன் செல்லையும் மாத்துங்க. அது செத்தா தேதி பின்னாடி போகும், வங்கித் தளம் "பாதுகாப்பில்லை"னு திறக்க மறுக்கும், நெட் கோளாறுன்னு நினைச்சு அலைவீங்க.

---

மல்லிகைப்பந்தல்

டேட்டா எல்லாம் எடுத்துவிட்டேன். இரண்டு படங்கள் மட்டும் படிக்க முடியவில்லை. 480 ஜிபி எஸ்எஸ்டி சொல்லியிருக்கிறேன். பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்யலாமா, புதிதாக விண்டோஸ் போடுவதா?

---

வட்டுப்பித்தன்

புதிதாகவே போடுங்கள். டிஸ்க்கை நகலெடுக்கும் க்ளோன்ஸில்லா நல்ல கருவிதான், ஆனால் இயல்பாகவே அது மூலத்தைவிடச் சிறிய டிஸ்க்குக்கு நகல் எடுக்காது. உங்களுடையது 1 டிபியிலிருந்து 480. பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி) சுருக்க வேண்டும், அதுவும் சி5 காட்டும் டிஸ்க்கில். நடுவில் படிக்க முடியாத செக்டர் வந்தால் அங்கேயே நிற்கும். எட்டு ஆண்டுக் குப்பையும் கூடவே வரும்.

விண்டோஸை அழிக்கும் முன் அல்ல, பழைய டிஸ்க்கைக் கழற்றும் முன்பே ஒரு வேலை உண்டு: டேலியில் லைசென்ஸை "சரண்டர்" செய்துவிடுங்கள். டேலிபிரைம் என்றால் எஃப்1, செட்டிங்ஸ், லைசென்ஸ், சரண்டர். உரிமம் கணினியோடு கட்டப்பட்டது. சரண்டர் செய்யாமல் விண்டோஸை மாற்றிவிட்டால் புதியதில் ஆக்டிவேட் ஆகாமல் அலைய வேண்டிவரும். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் அதன் டிரைவர், பிரிண்டர் டிரைவர் இரண்டையும் பென் டிரைவில் தயாராக வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் தளத்தில் மீடியா கிரியேஷன் டூல் இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 10-ஐ ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், டேட்டா எடுத்து வைத்த பென் டிரைவை மாற்றிக் குத்திவிடாதீர்கள்.

எஸ்எஸ்டியை மாட்டியதும் பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கட்டாயம் கழற்றி வையுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் விண்டோஸ் தன் பூட் பார்ட்டிஷனைப் பழைய டிஸ்க்கிலேயே போட்டுவிடுவது உண்டு. எல்லாம் ஓடுகிறது என்று நினைப்பீர்கள், ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க் சாகும்போது எஸ்எஸ்டியும் சேர்ந்து எழாது.

டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் சாட்டா மோடு "ஏஹெச்சிஐ" என்று இருக்கிறதா பாருங்கள். செல் மாற்றியிருந்தால் தேதியையும் சரிசெய்யுங்கள். பூட் பட்டியலில் பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம், முன்னால் "யுஇஎஃப்ஐ" என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கீ கேட்டால் "என்னிடம் கீ இல்லை", பதிப்பு "ஹோம்". இப்போது இருப்பதும் ஹோம் என்பதால், அது முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். உரிமம் ஹார்டு டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டோடு சேர்ந்தது. "கஸ்டம்" கொடுத்து "அன்அலொகேட்டட்" என்று காட்டும் இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட். பார்ட்டிஷன்களை அதுவே போட்டுக்கொள்ளும்.

எல்லாம் ஓடிய பிறகு அணைத்து, பழைய டிஸ்க்கைப் புதுக் கேபிளில் மாட்டுங்கள். பயாஸில் முதல் பூட் எஸ்எஸ்டியின் "விண்டோஸ் பூட் மேனேஜர்". பழைய யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி கேட்கும், "கன்டின்யூ" கொடுத்துக் கொஞ்சம் காத்திருங்கள். விடுபட்டவற்றை எடுத்துக்கொண்டு, அந்த டிஸ்க்கை முழு ஃபார்மட் செய்யுங்கள், "குவிக்" டிக்கை எடுத்துவிட்டு. அந்த 8 செக்டர்களின் மேல் எழுதும்போதுதான் டிஸ்க் அவற்றை நல்லது, கெட்டது என்று தீர்மானிக்கும். சி5 பூஜ்யமாகி, கெட்டதென்று மாற்றப்பட்ட செக்டர்களைக் காட்டும் 05-உம் பூஜ்யமாகவே நின்றால் படம், வீடியோவுக்கு வைத்துக்கொள்ளலாம். 05 ஏற ஆரம்பித்தால் எதற்கும் நம்பாதீர்கள்.

---

விசைத்தடம்

டிஸ்க் மாறியதும் காத்திருக்கும் நேரம் போய்விடும். மிச்சம் கைவேலை. அதிலும் நேரம் போகிறது என்பதால் சில.

ஸ்டார்ட்அப் டேபில் அப்டேட்டர்கள், அரட்டை மென்பொருள்கள், பிரிண்டர் மானிட்டர் எல்லாவற்றையும் "டிசேபிள்" செய்யுங்கள். பாதுகாப்பு, ஆடியோ இரண்டையும் விட்டுவிடுங்கள். எட்ஜ் பயன்படுத்தாவிட்டாலும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்: அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குள் "ஸ்டார்ட்அப் பூஸ்ட்" ஆஃப். க்ரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், "மெமரி சேவர்" ஆன். ஆனால் ஜிஎஸ்டி தளத்தையும் வங்கித் தளத்தையும் "எப்போதும் இயங்கட்டும்" பட்டியலில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் பாதி நிரப்பிய படிவத்தை விட்டு எக்செல்லுக்குப் போய்வருவதற்குள் டேப் தூங்கி, பக்கம் முதலிலிருந்து வரும். க்ரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று தனியாகக் காட்டும்.

விண்டோஸ், வி: கடைசியாக நகலெடுத்த 25 துண்டுகளைக் காட்டும், முதல் தடவை ஆன் செய்ய வேண்டும். இன்வாய்ஸ் எண், ஜிஎஸ்டி எண், தொகை மூன்றையும் எக்செல்லில் ஒரே மூச்சில் நகலெடுத்துக்கொண்டு தளத்துக்குப் போய் ஒவ்வொன்றாக ஒட்டலாம். மூன்று தடவை தாவ வேண்டியதை ஒரு தடவையில் முடிக்கலாம். வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் இப்படி நகலெடுக்காதீர்கள், பட்டியலில் தெரியும். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ்: திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமெடுக்க.

தமிழ்க் கடிதங்கள் எந்த எழுத்துருவில்? பாமினியா?

---

மல்லிகைப்பந்தல்

ஆமாம், பழையவை எல்லாம் பாமினி. கோப்பைத் தேடினால் கிடைப்பதே இல்லை, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன்.

---

விசைத்தடம்

அதற்கும் கணினி வேகத்துக்கும் தொடர்பில்லை, எஸ்எஸ்டி போட்டாலும் கிடைக்காது. பாமினியில் "தமிழ்" என்று திரையில் தெரியும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு அந்தக் குறிகளுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது, அவ்வளவே. நீங்கள் யூனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) "தமிழ்" என்று தேடினால் விண்டோஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? பாமினி இல்லாத கணினிக்கு அனுப்பினாலும் அதே ஆங்கிலக் குறிகள்தான் போய்ச் சேரும்.

அடிக்கடி எடுக்கும் கடிதங்களை மட்டும் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய. ஒரு எச்சரிக்கை: கடிதத்தில் நடுநடுவே ஆங்கிலப் பெயர், ஜிஎஸ்டி எண் இருந்தால் மாற்றி அவற்றையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக நகலெடுத்து மாற்றுங்கள். மாற்றியதும் கொம்பு வரும் எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள், "கொ", "கௌ" இரண்டும்தான் வழக்கமாக உடையும்.

தட்டச்சுக்கு வெளி மென்பொருள் வேண்டியதில்லை. 2019 மே பதிப்பிலிருந்து விண்டோஸ் 10-லேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. செட்டிங்ஸ், டைம் அண்டு லாங்வேஜ், லாங்வேஜ், தமிழைச் சேர்த்து அதன் "ஆப்ஷன்ஸ்" உள்ளே "ஆட் எ கீபோர்டு", தமிழ்99. விண்டோஸ், ஸ்பேஸ் அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறும். ஒலிப்பு முறை பழக்கம் என்றால் அதே இடத்தில் அஞ்சல் இருக்கிறது. பழைய தட்டச்சு மென்பொருளையும் இதையும் ஒரே நேரத்தில் ஆன் செய்து வைக்காதீர்கள், இரண்டும் ஒரே விசையைப் பிடித்து எழுத்து குழம்பும். அதை ஸ்டார்ட்அப்பிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

---

மல்லிகைப்பந்தல்

நேற்று எல்லாம் முடிந்தது. டெஸ்க்டாப் வர 22 விநாடி, வேர்டு 3 விநாடி. டேலி ஆக்டிவேட் ஆகிவிட்டது. சி7 இன்னும் 29-தான். மிக்க நன்றி. இரண்டு கேள்வி: எந்த ரேம்? விண்டோஸ் 10 ஆதரவு முடிந்துவிட்டதே, வங்கி வேலைக்கு இது சரியா?

---

சாலிடர்

டிடிஆர்4 டெஸ்க்டாப் ரேம், 288 பின், 8 ஜிபி ஒண்ணு. 2400 வேகம் கிடைக்கலைன்னா 2666 வாங்கலாம், இந்த சிபியுல 2400-ல ஓடும். லேப்டாப் ரேம் 260 பின், சின்னதா இருக்கும், அதை வாங்கிடாதீங்க. பழைய 4-ஐயும் விட்டுவைங்க, மொத்தம் 12. முதல் 8 ஜிபி டூயல் சேனல்ல (ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்துல வேலை செய்றது) ஓடும், மீதி 4 ஒத்தையா. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்ல டூயல் சேனல் நல்லாவே உதவும். ரெண்டு ஓரமும் "க்ளிக்"னு விழுற வரை அழுத்துங்க. ஆன் ஆகாம பீப் அடிச்சா பயப்படாதீங்க, கழட்டி, தங்க நிறப் பின்னை பென்சில் ரப்பரால மெல்லத் தேச்சு, துகளைத் துடைச்சுட்டு மறுபடி போடுங்க.

---

வட்டுப்பித்தன்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கணக்கும் வங்கியும் இதில்தான் நடக்கின்றன என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லாமல் விடக்கூடாது. வீட்டுப் பயனர்களுக்கு இஎஸ்யு என்ற நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே "என்ரோல்" இணைப்பு வரும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கேட்பதில்லை.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பட்டியலில் ஐ3-7100 இல்லை, இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். சோதனையைத் தாண்டிப் போடும் வழிகள் உண்டு, ஆனால் கணக்கு வைத்திருக்கும் கணினியில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பெரிய அப்டேட் நின்றுபோனால் கேட்க நாதியில்லை.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ உங்கள் கணினியில் நன்றாக ஓடும், 2029 வரை திருத்தங்கள் வரும். உங்களுக்குத் தடை டேலியும் கையொப்ப டோக்கனும்தான். டேலி விண்டோஸ் மென்பொருள். ஆகையால் இப்போதைக்கு இஎஸ்யுவில் சேர்ந்துவிடுங்கள். பென் டிரைவில் மின்ட் ஏற்றி, எஸ்எஸ்டியில் போடாமல் "லைவ்" ஆக ஓட்டி, வங்கித் தளமும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வையுங்கள். பிரிண்டர் மாடல் என்ன என்று சொன்னால் மின்ட்டில் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.